மறு: ரெட்ராஸ்பெக்டிவ் சட்டம்: ‘பின்னோக்கு’ வேண்டாம், ‘முன்தொடு’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். வருவதற்கு முன்பே நடந்து முடிந்ததையும் பாதிக்கிற சட்டத்தை ஆங்கிலத்தில் ரெட்ராஸ்பெக்டிவ் சட்டம் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் இங்கே பேச்சு.

மும்பை நண்பர் எழுதியிருந்தார்:

> ‘பின்னோக்குச் சட்டம்’ என்றே வைத்துக்கொள்வோமே. எல்லோருக்கும் புரிகிறது. புதிதாக எதற்கு?

புரிகிறதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். இங்கே பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்கு உதவி ஆணையர் அலுவலகத்திலிருந்து கன்னடத்தில் ஒரு நோட்டீஸ் வந்தது. அவர் அப்பா 1971-இல் ஊருக்கு வெளியே வாங்கிய நிலம். பட்டியல் சாதிக் குடும்பம் ஒன்றுக்கு, இத்தனை ஆண்டு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு அரசு கொடுத்தது அது. கெடு முடியும் முன்பே கைமாறியிருக்கிறது. நோட்டீஸைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். நானும் ‘இது பின்னோக்குச் சட்டம்’ என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, “பின்னாடி நடக்கப்போறதைப் பார்க்கிற சட்டமா தம்பி? அப்பா வாங்கினது முன்னாடியாச்சே, அப்போ நாம தப்பிச்சோம்” என்று சிரித்தார். நேர் எதிராகப் புரிந்துகொண்டார். தப்பு அவருடையதில்லை.

தமிழில் காலத்தைப் பொறுத்தவரை முன் என்பது நடந்து முடிந்தது. பின் என்பது வரப்போவது. முன்னோர் போனவர்கள், பின்னோர் வரப்போகிறவர்கள். ‘பின்னால் பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் அடுத்த மாதம். இடத்தைப் பொறுத்தவரை முதுகுப் பக்கம் பின். ‘பின்னோக்கு’ இந்த இரண்டாவது பொருளை எடுத்துக் காலத்தின் மேல் ஒட்டுகிறது. ஆங்கிலம் தெரிந்தவருக்கு அது உறுத்தாது. எங்கள் பெரியவருக்கு உறுத்தியது.

சரி, நாளிதழ்களில் வரும் ‘முன்தேதியிட்ட’ போதாதா? 2012 நிதிச் சட்டத்துக்கு அது கச்சிதம். வோடஃபோன் என்ற வெளிநாட்டு நிறுவனத்தின் வரி வழக்கில் அந்த ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. சில மாதங்களிலேயே நாடாளுமன்றம் வருமான வரிச் சட்டத்தைத் திருத்தி, அந்தத் திருத்தம் 1962 ஏப்ரல் 1 முதலே இருந்ததாகக் கொள்ளச் சொல்லிவிட்டது. அங்கே உண்மையிலேயே ஒரு பழைய தேதி போடப்பட்டிருக்கிறது. (2021-இல் சட்டத்தை மறுபடி திருத்தி அந்தப் பழைய வரிக் கோரிக்கைகளைக் கைவிட்டார்கள், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தார்கள். அது வேறு கதை.)

ஆனால் பெரியவர் தலையில் விழுந்த சட்டம் அப்படியில்லை. பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கு அரசு கொடுத்த நிலம் கைமாறுவதைத் தடுக்கும் கர்நாடகத்தின் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் அது, ஆங்கிலச் சுருக்கத்தில் பிடிசிஎல். இங்கே வீட்டு மனை வாங்கப் போகிற எவரும் வக்கீலிடம் ‘பிடிசிஎல் தொல்லை இருக்கா?’ என்று கேட்பது இதைத்தான். அது அமலுக்கு வந்தது 1979 ஜனவரி 1-இல். முன்தேதி எதுவும் கிடையாது. ஆனாலும் நிபந்தனையை மீறிய விற்பனை, சட்டம் வருவதற்கு முன் நடந்திருந்தாலும் செல்லாது என்கிறது. 1984-இல் உச்ச நீதிமன்றம் மஞ்சேகவுடா வழக்கில் இதைச் செல்லும் என்றது. நிபந்தனையை மீறி வாங்கியவருக்குக் கிடைத்ததே ரத்தாகக்கூடிய உரிமைதான் என்பது வாதம். எத்தனை ஆண்டு கழித்தும் நிலத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று 2023-இல் திருத்தமும் வந்துவிட்டது. இதை ‘முன்தேதியிட்ட சட்டம்’ என்று எழுதினால் தவறு. செக்கில் பழைய தேதி போட்ட மாதிரி ஒரு திருட்டு வாடை வேறு அடிக்கும்.

அந்த வாடை வேண்டாம் என்பதால்தான் ‘முன்பறிச் சட்டம்’ என்று முன்பு இங்கே வந்த யோசனையையும் ஏற்க முடியவில்லை. யாரிடமிருந்து யார் பறித்தது? நிலத்தை அடிமாட்டு விலைக்கு விட்டுக்கொடுத்த குடும்பத்துக்கும் சொத்துரிமை உண்டு. குற்றத்துக்கு அரசியலமைப்பின் 20(1) பிரிவு குறுக்கே நிற்கிறது, செய்தபோது குற்றமாக இல்லாததற்குத் தண்டிக்க முடியாது. சொத்துக்கு அந்த அளவு அரண் இல்லை. 1978-இன் 44-ஆவது திருத்தத்துக்குப் பிறகு அது அடிப்படை உரிமையும் இல்லை. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் பறிக்கக்கூடாது என்ற 300-ஏ மட்டும்தான் காவல். எது நியாயம் என்பதைச் சொல்லிலேயே ஒளித்து வைப்பது நம் வேலையில்லை.

என் முன்மொழிவு: முன்தொடு சட்டம். ‘தொன்றுதொட்டு’, ‘அன்றுதொட்டு’ என்கிறோமே, அந்தத் தொட்டு. முந்தைய காலத்திலிருந்து தொடங்குகிறது, முந்தைய செயலைத் தொடவும் செய்கிறது.

இன்னொரு சொல்லும் வேண்டும். வினீதா சர்மா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் ரெட்ராஸ்பெக்டிவ் வேறு, ரெட்ரோஆக்டிவ் வேறு என்று பிரித்தது. 2005-இன் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்தின்படி கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு கிடைப்பது அந்த ஆண்டு செப்டம்பர் 9 முதல்தான். ஆனால் அதற்கு அடிப்படை, அதற்கு முன்பே நடந்துவிட்ட அவள் பிறப்பு. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி முடிந்த பாகப்பிரிவினையை அது கிளறாது. பழையதைக் கலைக்காமல் அதன்மேல் நிற்கிற இந்த ரெட்ரோஆக்டிவ் வகைக்கு முன்சார் சட்டம் என்று வைக்கலாமா?

---

தில்லியிலிருந்து:

வணக்கம். இந்திக்காரர்கள் சட்டத்தில் இதைப் ‘பூதலட்சி’ என்கிறார்கள். பூதம் என்றால் கடந்த காலம். தமிழ்க் காதுக்குப் பேயும் மகாலட்சுமியும் சேர்ந்து வருவதுபோல இருக்கும். அதைவிட உங்கள் சொல் மேல். ஆனால் இரண்டு சிக்கல். ஒன்று, புணர்ச்சி விதிப்படி ‘முன்றொடு’ என்று வரவேண்டும் என இங்கேயே ஒருவர் சண்டைக்கு வருவார். அதை விடுங்கள், முன்தேதியை யாரும் முன்றேதி என்று எழுதுவதில்லை. மற்றதுதான் பெரியது: நீதிமன்றத்தில் ‘தொடு’ என்றால் முதலில் வழக்குத் தொடுப்பதுதான் நினைவுக்கு வரும். ‘முன்தொடு வழக்கு’ என்றால் முன்பே தொடுத்த வழக்கு என்று படிப்பார்கள். அதற்கு வழி சொல்லுங்கள்.

---

அல்சூரிலிருந்து மறுபடி:

வழக்குத் தொடு, இது எனக்குத் தோன்றவேயில்லை. நன்றி ஐயா. பெயரெச்சமாக்கிவிடலாம்: முன்தொடும் சட்டம். தொடுப்பதாக இருந்தால் ‘தொடுக்கும்’ என்று வரும், குழப்பம் போய்விடுகிறது. ஒரு எழுத்துதான் கூடுதல். கன்னடத்தில் அரசாணைகளில் ‘பூர்வான்வய’ என்று வருவதற்கும் இணையாக நிற்கும். அந்த அன்வயமும் பொருந்துதல்தானே.

நேற்று மாலை பெரியவருக்கு வேறு தாளில் எழுதிக் கொடுத்தேன். ‘முன்தொடும் சட்டம்’ என்ற இடத்தில் விரலை வைத்து, “அப்போ அப்பா பத்திரத்தையும் தொடும்கிறே” என்றார். திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கப் போகிறோம். முன்சார் பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை. ‘சார்பு’ ஒருதலைப்பட்சமாகக் கேட்கிறதோ என்று எனக்கே கொஞ்சம் தயக்கம் உண்டு.