டெக்சஸ் உரிமம்: எந்த புரோக்கரிடம் சேர்வது?

பிரிஸ்கோவாசி:
சென்ற வாரம் ரியல் எஸ்டேட் தேர்வில் தேறிவிட்டேன். 180 மணி நேரப் பாடங்களையும் பிள்ளைகள் உறங்கிய பிறகு உட்கார்ந்து முடித்தேன். இனி புரோக்கர் ஒருவர் தன் பொறுப்பில் சேர்த்துக்கொண்டால்தான் நான் ஏஜென்டாக வேலை செய்ய முடியும். இருவரைப் பார்த்தேன். முதலாமவர் கமிஷனில் 90 விழுக்காடு தருகிறார்; மாதம் 150 டாலர் கட்ட வேண்டும், பயிற்சி வெறும் காணொளிகள்தான். இரண்டாமவர் 70 விழுக்காடு தருகிறார், மாதக் கட்டணம் இல்லை. 4,20,000 டாலர் வீட்டுக்கு 2.5 விழுக்காடு என்றால் 10,500 டாலர் கமிஷன். அதில் எனக்கு 2,100 டாலர் வித்தியாசம் வருகிறது. வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்; இது எனக்குச் சிறிய தொகை அல்ல. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பிளேனோ அக்கா:
வாழ்த்துகள், தங்கையே. நானும் 90 விழுக்காட்டைப் பார்த்துத்தான் ஓர் இடத்தில் சேர்ந்தேன். அங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் தம்பதிக்கு மெக்கின்னியில் வீடு பார்த்துக் கொடுத்தேன். காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ள அனுமதிக்கும் ஆப்ஷன் காலம் ஏழு நாள். ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷனில் அடித்தளம் ஒரு பக்கம் இறங்கியிருப்பது தெரிந்தது. இந்தப் பக்கத்துக் களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும்; வீடு வாங்குகிறவர்கள் பெரிதும் அஞ்சுவது இதற்குத்தான். முன்பணம் கட்டும் கடைசி நாள் சனி, ஞாயிறில் விழுந்தால் அடுத்த வேலை நாள் வரை நேரம் உண்டு. ஆப்ஷன் காலத்துக்கும் அப்படித்தான் என்று எண்ணிவிட்டேன். அதற்கு அந்தச் சலுகை கிடையாது. ஞாயிறு மாலை 5 மணிக்குள் அறிவிப்பு போய்ச் சேர வேண்டும்.

ஐயம் இருந்ததால் புரோக்கரை ஆறு முறை அழைத்தேன். ஆறு முறையும் குரல்பதிவுதான். திங்கள் காலை அவர் அழைத்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. விலகினால் 4,500 டாலர் முன்பணம் போய்விடும் என்பதால் அந்தப் பிள்ளைகள் அதே வீட்டை வாங்கி, அடித்தளத்தையும் தங்கள் செலவிலேயே சரிசெய்தார்கள். கோயிலில் பார்த்தால் அந்தப் பெண் இன்றும் அன்பாகத்தான் பேசுகிறாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

அதனால் விழுக்காட்டைப் பிறகு பேசுங்கள். 'நான் எழுதும் ஒப்பந்தத்தை அனுப்புமுன் யார் படிப்பார்?' என்று புரோக்கரிடம் முதலில் கேளுங்கள். 'எங்கள் குழு இருக்கிறது' என்ற பதிலோடு எழுந்து வந்துவிடாதீர்கள். அந்த ஆளைப் பார்த்துப் பேசுங்கள். அவர் எத்தனை புதியவர்களைக் கவனிக்கிறார், சனி ஞாயிறில் தொலைபேசியை எடுப்பாரா, தாமும் வீடு விற்று அலைகிறவரா என்று கேளுங்கள். அங்கே ஓர் ஆண்டுக்கு முன் சேர்ந்த ஏஜென்ட் ஒருவரிடம் தனியாகவும் விசாரியுங்கள்.

இர்விங்காரன்:
அக்கா சொன்னதோடு ஒரு கணக்கு. மாதம் 150 என்றால், வீடு விற்றாலும் விற்காவிட்டாலும் ஆண்டுக்கு 1,800 டாலர். முதல் ஆண்டில் ஒரே ஒரு வீடு முடித்தால் உங்கள் 2,100 டாலரில் மிஞ்சுவது 300. ஒன்றும் முடியாவிட்டால் 1,800 கைநட்டம்.

இன்னொன்று, அந்த புரோக்கரை விட்டு விலகும்போது என்ன ஆகும் என்பதை எழுத்தில் பாருங்கள். வீடுகளை விற்றுத்தர நீங்கள் பிடித்த ஒப்பந்தங்கள் புரோக்கருடையவை. நீங்கள் போனாலும் அவை அங்கேயே இருக்கும். டெக்சஸில் ஏஜென்டுக்குக் கமிஷன் புரோக்கர் வழியாகத்தான் வர வேண்டும், வாடிக்கையாளரிடம் நேரடியாக வாங்க முடியாது. பாதியில் நிற்கும் பேரங்களுக்கு எவ்வளவு தருவார்கள் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். நான் படிக்காமல் கையெழுத்திட்டு, இரண்டு பேரங்களில் பாதிப் பங்கை இழந்தேன்.

பிரிஸ்கோவாசி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா, உங்கள் பதிலை என் கணவரிடமும் படித்துக் காட்டினேன். இன்று இரு அலுவலகங்களிலும் ஒப்பந்தத்தின் நகல் கேட்டேன். 90 விழுக்காட்டு இடத்தில், சேரும் நாளில் இணையத்தில் பார்த்துக் கையெழுத்திடலாம் என்றார்கள். மற்றவர் மாலையே 14 பக்கங்கள் அனுப்பிவிட்டார். ஒப்பந்தங்களைப் படிக்கும் அம்மையாரை வியாழக்கிழமை சந்திக்கவும் ஏற்பாடு செய்திருக்கிறார். ஆனால் 9ஆம் பக்கத்தில், முதல் மூன்று விற்பனைகளுக்கு வழிகாட்டிக்கென்று மேலும் 10 விழுக்காடு பிடிப்பதாக இருக்கிறது. நேரில் பேசியபோது இதைச் சொல்லவில்லை. குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

பிளேனோ அக்கா:
தாராளமாகக் கேளுங்கள். குறைக்க மறுத்தால், அந்த 10 விழுக்காடு அந்த அம்மையாருக்கே போகிறதா என்று அவரிடமே வியாழக்கிழமை கேட்டுவிடுங்கள்.