புதுப்பிப்பு: அம்மாவின் சத்து பவுடரும் தைராய்டு மாத்திரையும்

விட்டமின், தாது சேர்த்த சத்து பவுடரைக் குடிக்க ஆரம்பித்த பிறகு அம்மாவுக்கு டி.எஸ்.எச். (தைராய்டு ஹார்மோன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) அளவு ஏறியது ஏன் என்று இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன். டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்ன அனைவருக்கும் நன்றி.

படித்தேன். கால்சியம், இரும்பு இரண்டும் இருந்தன. அம்மா காலை ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை போட்டு, அரை மணி நேரத்தில் இதைப் பாலில் கலந்து குடித்துவிடுவார். இந்த இரண்டு தாதுக்களும் குடலிலேயே மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும் என்றார் மருத்துவர். பவுடரை மாலைக்கு மாற்றினோம். ஆறு வாரம் கழித்துப் பரிசோதித்ததில் 9.2 இருந்த டி.எஸ்.எச். 4.1 ஆகிவிட்டது. அப்பாடா!

அப்புறம் இன்னொன்று. தனியாக ஒரு மல்டிவிட்டமின் மாத்திரையும் போட்டுவந்தார். இரண்டிலும் ரெட்டினால் வடிவ (உடம்பு நேரடியாகப் பயன்படுத்தும் வகை) விட்டமின் ஏ. பெரியவர்களுக்கு நாளுக்கு 3000 மைக்ரோகிராம்தான் உச்சவரம்பு. தொடர்ந்து மிஞ்சினால் கல்லீரலுக்குக் கேடு. டப்பாவில் ஒரு வேளைக்கு ஒரு கரண்டி என்றிருக்க, அம்மா குவித்து இரண்டு போட்டிருக்கிறார். மருத்துவரிடம் கேட்டு மல்டிவிட்டமின் மாத்திரையை நிறுத்திவிட்டோம்.

அப்பா இந்தப் பவுடரைத் தொடவே இல்லை, நல்லவேளை. அவருக்குச் சர்க்கரை நோய். ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று முன்னால் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், பின்னால் இருக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொருள்) ரத்தச் சர்க்கரையை விறுவிறுவென ஏற்றும்.