தேவாங்கை வைத்துக் குறி சொல்பவரைப் பிடித்துக் கொடுத்தது தப்பா?

மேலூரான்:
போன வெள்ளிக்கிழமை அழகர்கோவில் போகிற வழியில் ஒருவர் தேவாங்கை வைத்துக் குறி சொல்லிக்கொண்டிருந்தார். உச்சி வெயில். ராத்திரியில் நடமாடுகிற பிராணி, கண் திறக்க முடியாமல் துணிப்பைக்குள் முகத்தைப் புதைத்திருந்தது. அவருடைய சுண்டுவிரலை மட்டும் கெட்டியாகப் பிடித்திருந்தது. வனத்துறைக்குச் சொல்லிவிட்டேன். பக்கத்து டீக்கடைக்காரர், "ஏழை வயித்துல அடிச்சிட்டியேப்பா" என்றார். அன்றிலிருந்து மனசு சரியில்லை.

சோழவந்தான் வாத்தியார்:
கடைக்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது தம்பி. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் அட்டவணை 1 உயிரினம், அதாவது உச்சப் பாதுகாப்பு உள்ளது, என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அவர் உள்ளே போனால் பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது? தேவாங்கின் கண்ணை மருந்துக்கும் வசிய மைக்கும் கேட்கிறவன் இருக்கும்வரை இவர் போனால் இன்னொருத்தர் வருவார்.

நத்தம் தோட்டக்காரன்:
வாத்தியாரே, இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். தேவாங்கு கால் கிலோ தேறினால் அதிகம். அந்த உடம்புக்கு ஐந்தரை மாதச் சினை, ஈற்றுக்கு ஒன்றோ இரண்டோ குட்டிதான். ஒன்றைப் பிடித்துப் போனால் அந்த இடம் சீக்கிரம் நிரம்பாது. கருமந்தி என்கிற கருங்குரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமாவுக்கு நல்லது என்று கருங்குரங்கு ரசாயனம் காய்ச்சியே மேற்குத் தொடர்ச்சி மலையில் அதைத் தீர்த்தார்கள். 1972-ல் அந்த வனவிலங்குச் சட்டம் வந்த பிறகுதான் அது கொஞ்சம் தலையெடுத்தது. பயம் வேண்டும்.

சோழவந்தான் வாத்தியார்:
காட்டுக்குள் இருப்பதைச் சட்டம் காக்கும், சரி. 2022-ல் கடவூரில் 11,806 ஹெக்டேரில் தேவாங்குக்கென்றே சரணாலயம் வந்தது, நாட்டிலேயே முதலாவது. உங்கள் நத்தம் வட்டத்திலும் ஒரு பகுதி அதில் வருகிறது. மனதார வரவேற்கிறேன். ஆனால் காட்டை ஒட்டிய தோட்டத்து வேலியிலும் அது வாழ்கிறதே? கிளுவைச் செடி வளர்த்த உயிர்வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி போடுகிறோம். மரத்துக்கு மரம் கொப்பு வழியாகப் போகிற பிராணி, தரையில் இறங்கி ரோட்டில் அடிபடுகிறது. அதற்கு யாரைப் பிடித்துக் கொடுப்பது?

நத்தம் தோட்டக்காரன்:
எங்கள் வேலி இன்னும் கிளுவைதான். ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போனால் டார்ச் வெளிச்சத்தில் செக்கச் சிவக்க இரண்டு கண் தெரியும். பூச்சி, கறையான் எல்லாம் தின்கிறது, பயிரைத் தொடுவதில்லை. அதற்காக விற்கிறவரை விட்டுவிடு என்கிறீர்களா?

மேலூரான்:
ஒன்றைச் சொல்ல விட்டுப்போனது. வனத்துறையினர் வாங்கிப் பார்த்தபோது இடுப்பில் நூல் அறுத்துப் புண்ணாகியிருந்தது. எங்கே பிடித்தாய் என்று கேட்டார்கள். காட்டுப்பக்கமே போகவில்லையாம். வேலி வெட்டுகிற ஆட்களிடம் இருநூறு ரூபாய்க்கு வாங்கினாராம். வெட்டும்போது கையில் அகப்பட்டதாம்.

நத்தம் தோட்டக்காரன்:
தை பிறந்தால் நானும் வேலி கழிக்க ஆள் விடுவேன். இதுவரை அவர்களிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்தத் தடவை கூடவே நிற்கிறேன்.