புதுப்பிப்பு: பண்டாரவளை வீட்டு முற்றத்தின் இறுகிய களிமண்

வீடு கட்டியபோது லொறிகள் ஏறி இறுகிப்போன எங்கள் முற்றத்தில் மழைநீர் தேங்கிப் புல் மஞ்சளிப்பதாக முன்னர் எழுதியிருந்தேன். சிலர் ஆற்று மணலைக் கலக்குமாறு கூறியிருந்தீர்கள். புற்றரை பராமரிப்பைத் தொழிலாகச் செய்பவரை அழைத்துக் காட்டியபோது, களிமண்ணில் சிறிதளவு மணல் சேர்ந்தால் மணலின் இடைவெளிகளைக் களி நிரப்பி மண் மேலும் கெட்டியாகும் என்று அவர் மறுத்துவிட்டார்.

மாறாக, மண் ஈரமாகவும் அதேவேளை சேறாகாமலும் இருந்த நாளொன்றில், குழாய் போன்ற பற்களுடைய இயந்திரத்தால் 7 முதல் 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மண்ணை உருளை உருளையாகப் பிடுங்கியெடுத்தார். அவற்றில் ஒன்றைப் பிளந்து பார்த்தேன்: வேர்கள் மேற்பகுதியோடு நின்றுவிட, கீழே வழுவழுப்பான செங்களி மட்டுமே இருந்தது. தேயிலை மலையில் முள்ளுக் குத்துவதும், அதாவது முட்கரண்டி போன்ற கருவியால் நிலத்தைக் குத்துவதும், மண்ணை இளக்கத்தான். ஆனால் வெறுமனே குத்தினால் துளையைச் சுற்றியுள்ள களி நெருக்கப்படும், பிடுங்கினால் அந்த நெருக்கம் குறைவு. பின்னர் சலித்த கூட்டெருவைத் துளைகளுக்குள் வாரிவிட்டார்.

ஜிப்சம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். களியை இளக்குவதற்கு அது பெரும்பாலும் சோடியம் மிகுந்த மண்ணுக்கே பயன்படும். எங்கள் மலைநாட்டின் அமில மண்ணுக்கு, பரிசோதித்த பின் அமிலத்தைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்பு இடுவதே பொருத்தம்.

இப்போது மழை விட்டதும் நீர் வடிந்துவிடுகிறது. வாகனம் திரும்பும் மூலை மட்டும் இன்னும் இறுக்கமாகவே உள்ளதால், அங்கே புல்லுக்குப் பதிலாகக் கல் பதிக்கவுள்ளோம்.