‘மீன் இல்லை’ என்று எழுதுவதற்கு முன்

மழைக்காட்டு ஓடைகளில் மீன் கணக்கெடுப்பவர்களுக்கு வலை காலியாக வருவது சாதாரணம். அதைக் களக்குறிப்பேட்டில் எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ‘மீன் கிடைக்கவில்லை’ என்பது வலையைப் பற்றிய செய்தி. ‘மீன் இல்லை’ என்பது ஓடையைப் பற்றிய செய்தி. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், அதன் மேல் கட்டப்படும் ஆய்வு முழுவதும் ஆட்டங்காணும்.

முதலில் வலைக்கண். 2006-இல் சுமத்ராவின் கரிச்சதுப்புக் காடுகளிலிருந்து பீடோசிப்ரிஸ் புரோஜெனெடிகா என்ற மீன் அறிவியலுக்கு அறிமுகமானது. அதில் முதிர்ச்சியடைந்த பெண் மீன் ஒன்றின் நீளம் 7.9 மில்லிமீட்டர்தான். கறுந்தேநீர் நிறத்தில், கடுமையான அமிலத்தன்மையோடு நிற்கும் நீரில் அது வாழ்கிறது. 5 மி.மீ. கண் உள்ள வலையை அங்கே எத்தனை முறை வீசினாலும் பட்டியலில் அது ஏறாது. அதனால் எந்த ஓடையானாலும் வலைக்கண்ணின் அளவைக் குறிக்காத எண்ணிக்கைக்குப் பொருளில்லை. சிற்றோடைகளுக்கு 3 முதல் 5 மி.மீ. கண் பொதுவாக ஒத்துவரும். குஞ்சுகளும் குறுமீன்களும் வேண்டுமென்றால் 1 மி.மீ. கண் உள்ள கைவலையும் கூடவே இருக்க வேண்டும்.

சிற்றோடையில் 50 மீட்டர் நீளத்தை இரு முனையிலும் தடுப்பு வலையால் அடைத்துவிட்டு உள்ளே இருப்பதை எண்ணுவது நல்ல முறை. கீழ்முனை வலையை முதலில் கட்டுங்கள். மேல்முனையில் தொடங்கினால் அங்கே கலைந்த மீன் நீரோட்டத்தோடு கீழே நழுவிவிடும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கரையோரமாகத்தான் நடக்க வேண்டும், ஓடைக்குள் இறங்கி அல்ல. வலையின் அடிக்கயிற்றில் ஈயக்குண்டு இருந்தாலும் அதை நம்பிவிடக் கூடாது. வேர்களுக்கு அடியிலும் கற்களுக்கு இடையிலும் கையை விட்டுத் தடவிப் பார்த்து, ஒரு விரல் நுழையும் சந்தைக்கூடக் கல் வைத்து அடைக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இலைக்குப்பையில்தான். மழைக்காட்டு ஓடையில் இலை உதிர்வு நிற்பதே இல்லை. மேல்முனை வலையில் இலை ஒட்ட ஒட்ட அது அணையாகிவிடும். அப்புறம் தண்ணீர் மேலே வழிந்து வலை சாய்ந்தது என்றால் அன்றைய கணக்கு போயிற்று. இலையை அவ்வப்போது வழித்துவிடுவதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள். அவர் மீன் பிடிக்கப் போகக் கூடாது.

அடைத்த பகுதியை ஒரே தடவை அரித்துவிட்டு நிறுத்தாதீர்கள். அதே ஆட்கள், அதே வலைகள், அதே நிமிடங்கள் என்று குறைந்தது இரண்டு முறை, முடிந்தால் மூன்று முறை அரியுங்கள். பிடித்த மீன்களைத் திரும்ப உள்ளே விடாமல் காற்றூட்டிய வாளிகளில் வைத்திருக்க வேண்டும். முதல் முறை 40, இரண்டாம் முறை 16 என்று வைத்துக்கொள்வோம். முதல் எண்ணின் வர்க்கத்தை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால், 1600-ஐ 24-ஆல் வகுக்க, சுமார் 67 மீன்கள். கையில் வந்தது 56. ஆகவே பதினொன்று இன்னும் உள்ளே இருக்கலாம். இதே கணக்கில் முதல் முறை 30, இரண்டாம் முறை 28 என்று வந்தால் விடை 450. அது ஓடையின் வளத்தைக் காட்டும் எண் அல்ல, முறை தோற்றதைக் காட்டும் எண். முதல் அரிப்பில் இலைக்குள் பதுங்கியிருந்த மீன்கள் அடி கலங்கிய பிறகு வெளியே வந்திருக்கும். அல்லது தடுப்பு வலையில் எங்கோ ஓட்டை இருக்கும். அப்படிப்பட்ட நாளின் எண்ணை அறிக்கையில் மதிப்பீடாகப் போடாமல், பிடித்த எண்ணிக்கையை மட்டும் எழுதுவதே நேர்மை.

நீரில் மின்சாரம் பாய்ச்சி மீனை மயக்கும், முதுகில் சுமக்கும் மின்பிடிக் கருவியை எடுத்துப்போகிறவர்கள் நீரின் மின்கடத்துத்திறனை முதலில் அளக்க வேண்டும். அமேசானின் கிளையாறான ரியோ நீக்ரோ போன்ற கறுப்புநீர் ஆறுகளில் அது சென்டிமீட்டருக்கு 20 மைக்ரோசீமென்ஸைத் தொடுவதே அரிது. உப்பே இல்லாத அந்த நீரில் மின்சாரம் பரவாது. மின்முனைக்கு அருகே கொஞ்ச தூரம் மட்டும் வேலை செய்யும், அதற்கு அப்பால் உள்ள மீன் ஒன்றும் நடக்காததுபோல நீந்திப் போகும். மின்னழுத்தத்தை ஏற்றலாம், வளைய மின்முனையைப் பெரிதாக்கலாம். ஆனால் முனையை ஒட்டி நிற்கும் மீனுக்கு முதுகெலும்பு முறியும் ஆபத்து அதனோடு ஏறும். 50 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே இறங்கிய நீரில் கைவலையையும் இழுவலையையும் நம்புவதே மேல். எங்கே பயன்படுத்தினாலும் ரப்பர் கையுறையும் நீர்புகாத ரப்பர் காலாடையும் கட்டாயம். ஓடையில் தனியாள் இதை இயக்கவே கூடாது.

அதே உப்பில்லா நீர், அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் மீட்டரையும் ஏமாற்றும். மின்முனையை முக்கினவுடன் எண் ஓடிக்கொண்டே இருக்கும். பத்து வினாடியில் வாசித்து எழுதினால் அரை அலகோ அதற்கு மேலோ பிசகிப் போகலாம். ஓடும் நீரில் நேரடியாக முக்காமல், ஒரு குவளையில் மொண்டு, அசைக்காமல் வைத்து, எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகும். அன்றன்று 4, 7 பிஎச் கரைசல்களில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மின்முனையை வடிநீரில் ஊறவைத்துச் சேமிப்பது அதைக் கெடுத்துவிடும். 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் அது இருக்க வேண்டும்.

இலைப்படுகைகளுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். ஓடை வளையும் இடங்களில் நீரோட்டம் தளர்ந்து இலை அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். அகலமான கைவலையைப் படுகைக்கு அடியில் மெல்லச் செருகி, இலையோடு சேர்த்து ஒரே தூக்காகத் தூக்கி, இரண்டு விரற்கடை நீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள். கொட்டின உடனே கிளறாதீர்கள். ஒரு நிமிடம் போனால் ஏதோ ஓர் இலை தானாக நகரும். தென்னமெரிக்க இலைமீனின் உடல் பழுத்த இலையின் நிறம், தாடையில் இலைக்காம்பு போல ஒரு நீட்சி. நகராமல் கிடந்தால் கையில் எடுத்துக் குப்பையோடு வீசிவிடுவோம். அதனால் ஒவ்வோர் இலையையும் நீரில் அலசிவிட்டே அப்புறப்படுத்த வேண்டும். ஒட்டிக்கிடக்கும் இரண்டு இலைகளுக்கு நடுவே நூல் கனத்தில் ஒரு கெளுத்தி ஒளிந்திருப்பது உண்டு. ஆசியாவின் மணற்பாங்கான ஓடைகளில் இதே கதையை அயிரையும் ஆரலும் நிகழ்த்தும். அவை மணலுக்குள் புதைந்துகொள்வதால், மேலோட்டமாக வலையை இழுத்தால் அகப்படாது. நான்கு விரல் ஆழத்துக்கு மணலையே அள்ளிச் சலிக்க வேண்டும்.

தென்னமெரிக்க ஓடைகளில் கண்ணால் தேடாமல் காதால் தேடவும் வழி இருக்கிறது. அங்குள்ள கத்திமீன்கள் மெல்லிய மின்துடிப்பை ஓயாமல் வெளியிடுபவை. உறையிட்ட இரண்டு கம்பிகளின் நுனியை மட்டும் உரித்து, ஒரு கழியில் சற்று இடைவெளி விட்டுக் கட்டி, மறுமுனையைப் பேட்டரியில் இயங்கும் சிறு ஒலிபெருக்கியில் இணைத்தால் போதும். கழியை வேரடியில் நுழைத்ததும் ‘ஙீ...’ என்று ஒரே சுருதியில் ஓசை கேட்டால் அங்கே அலைவகை மீன் இருக்கிறது. சிலவற்றின் அதிர்வெண் ஆயிரம் ஹெர்ட்ஸையும் தொடும். ‘டக் டக்’ என்று விட்டுவிட்டுக் கேட்டால் அது துடிப்புவகை. கழியை ஓரிரு மீட்டர் நகர்த்தினால் ஓசை தேய்ந்துவிடும், அதை வைத்தே இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கலாம். பகலில் வலையில் ஒன்றுமே வராத வேர்ப்பந்தலிலிருந்து இப்படி மூன்று சுருதிகள் ஒரே நேரத்தில் கேட்கும்போது, காலி வலையின் மேல் வைத்திருந்த நம்பிக்கை அடியோடு போய்விடும். இந்த மீன்களும் பெரும்பாலான கெளுத்திகளும் இரவில் நடமாடுபவை. பகல் கணக்கெடுப்பு மட்டும் செய்த ஓடைக்கு முழுமையான இனப்பட்டியல் என்று பெயர் சூட்டாதீர்கள்.

எத்தனை தடவை போக வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஓர் இனம் அங்கே இருந்து, ஒரு தடவை போனால் அது அகப்படும் வாய்ப்பு 0.3 என்றால், நான்கு தடவையும் அகப்படாமல் போகும் வாய்ப்பு 0.24. ஏறக்குறைய நாலில் ஒன்று. ஒன்பது தடவை போன பிறகே அது 0.04-க்கு இறங்கும். அரிய மீன்களுக்கு அகப்படும் வாய்ப்பு 0.3-ஐவிட இன்னும் குறைவு.

நீர்மட்டத்தைக் குறிக்காத எண்ணிக்கையும் இதே அளவு ஆபத்தானது. மத்திய அமேசானில் ஆற்றின் மட்டம் ஆண்டுக்குள் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்குகிறது. ஏறும்போது மீன்கள் காட்டுக்குள் பரவி, மரங்களிலிருந்து விழும் பழத்தையும் விதையையும் தின்கின்றன. தம்பாக்கி மீன் ரப்பர் மர விதையைக் கடவாய்ப்பல்லால் உடைத்தே தின்றுவிடும். அந்த மாதங்களில் வலைக்கு வரும் மீன் குறைவது, அதே மீன் பரந்த நீரில் சிதறியதால். இறங்குமுகத்தில் ஒடுங்கிய குட்டைகளில் வலை நிரம்புவதும் இனப்பெருக்கத்தைக் காட்டாது. வெள்ளக்காட்டு நீரில் ஆக்ஸிஜனை நண்பகலில் மட்டும் அளப்பதும் பிழை. 30 டிகிரி செல்சியஸ் நன்னீர் முழுதாக நிறைந்தாலே லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவுதான் தாங்கும். விடியலுக்கு முன் அது அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் தம்பாக்கி நீர்ப்பரப்புக்கு வந்து, கீழுதட்டைத் தட்டுபோல நீட்டி மேல்நீரை அள்ளிச் செவுளுக்கு அனுப்புவதைப் பார்க்கலாம். மீட்டர் சொல்வதைவிட அந்த உதடு தெளிவாகச் சொல்லும்.

நீரில் கலந்திருக்கும் மரபணுத் துகள்களை வடிகட்டிப் பார்க்கும் முறை இப்போது பரவலாகிவிட்டது. பிடிபடாத மீனைக் காட்டிக்கொடுப்பதில் அது நன்றாகவே உதவும். ஆனால் கறுப்புநீரின் நிறத்துக்குக் காரணமான அதே இலைச்சாறு, ஆய்வகத்தில் மரபணுவைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் வினையைத் தடுத்துவிடும். மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். நீர்த்தபின் மீன் தென்பட்டால் முதலில் வந்த வெறுமை பொய். ஒவ்வொரு களநாளிலும் தூய நீரை வடிகட்டிய வெற்று மாதிரி ஒன்றும் வேண்டும். அதில் மீன் வந்தால் கைமாசு. துகள் மேலிருந்து அடித்துவரப்படும் என்பதால் அகப்பட்ட இனம் அந்த இடத்திலேயே வாழ்கிறது என்று சொல்லவும் முடியாது.

பிடித்த மீனை அடையாளம் காண முடியாதபோது மட்டும் சில மாதிரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மயக்கம். கிராம்பு எண்ணெய் நீரில் கலக்காது, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு எத்தனால் சேர்த்துக் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். அளந்து திரும்ப விடப்போகும் மீனுக்கு லிட்டருக்கு 40 மில்லிகிராம் அளவிலேயே நிறுத்துங்கள். கொல்ல வேண்டியதற்கு அதைப்போலப் பத்து மடங்கு தேவை. செவுள் அசைவு நின்ற பிறகும் பத்து நிமிடம் விடுங்கள். ஃபார்மலினில் போடுவதற்கு முன்பே துடுப்பில் ஒரு துண்டு வெட்டி 95 சதவீத எத்தனாலில் வையுங்கள். ஃபார்மலின் பட்ட சதையிலிருந்து நல்ல மரபணு எடுப்பது பெரும்பாடு. கடை ஃபார்மலின் ஒரு பங்கு, நீர் ஒன்பது பங்கு. பெரிய மீனுக்கு வலப்பக்க வயிற்றில் கீறிவிட வேண்டும், இடப்பக்கம் படத்துக்கும் அளவுக்கும் முழுதாக இருக்கட்டும். பெயர்ச்சீட்டை ஜாடிக்கு உள்ளே போடுங்கள், பென்சிலால் எழுதி. பந்துமுனைப் பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும், அப்புறம் அது எந்த ஓடையின் மீன் என்று யாராலும் சொல்ல முடியாது. சீட்டில் இடம், நாள், நேரத்தோடு வலைக்கண், அரித்த நிமிடங்கள், ஆட்களின் எண்ணிக்கை, நீர்மட்டம் இவற்றையும் எழுதுங்கள். ஒன்றும் பிடிபடாத நாளுக்கும் குறிப்பேட்டில் இதே விவரங்களோடு ஒரு வரி இருக்க வேண்டும், மீன் என்ற இடத்தில் சுழியம் போட்டு.