நின்றால் சுடுகாற்று, ஓடினால் ஜில்: பழைய டிரெய்லர் வண்டி ஏசி, உதவி தேவை

எண்ணூர் வண்டிக்காரன்:
வணக்கம். வண்டி 2013 மாடல், கன்டெய்னர் டிரெய்லர் இழுக்கிற ஹார்ஸ் (முன் வண்டி), 24 வோல்ட். கம்பெனியிலிருந்து வரும்போது ஏசி கிடையாது, எனக்கு முன்னால் வைத்திருந்தவர் வெளியில் போட்டது. சூட்டை வெளியே விடுகிற கண்டென்ஸர் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது. அதன் முகத்தில் இரண்டு ஃபேன்.

காட்டுப்பள்ளியில் பெட்டி ஏற்றி மீஞ்சூரில் வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் கேபின் ஜில்லென்று இருக்கிறது. அதே வண்டி சென்னைத் துறைமுகத்துக்கு வரும்போது, எர்ணாவூர் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலை வரிசையில் நின்றால் பத்தே நிமிடம்தான். முதலில் வெறும் காற்று, அப்புறம் சுடுகாற்று. ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடுகிற கம்ப்ரஸர் 'டக்' என்று விட்டுவிடும். ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகப் பிடிக்கும், மறுபடி விடும்.

மார்ச்சில் ஒரு கடையில் கேஸ் குறைவு என்று 2,200 வாங்கிக்கொண்டு போட்டார்கள். ஏப்ரலில் மறுபடி 2,200. இப்போது கம்ப்ரஸரே போய்விட்டது, 16,000 ஆகும் என்கிறார்கள். கத்திரி வெயில். ஜன்னலைத் திறந்தால் நிலக்கரித் தூசி முகத்தில் அப்புகிறது. கம்ப்ரஸரை மாற்றிவிடலாமா?

புதுப்பேட்டை ஸ்பேர்ஸ்:
தம்பி, பதின்மூன்று மாடல் என்றால் கம்ப்ரஸர் வயசாகியிருக்கும். நம்ம பக்கம் வந்தால் கழற்றிய கம்ப்ரஸர் பாதி விலைக்குக் கிடைக்கும். மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இரு.

கூலிங்காயில்:
புதுப்பேட்டைக்காரரே, கொஞ்சம் பொறுங்கள். வெளிவட்டச் சாலையில் ஜில்லென்று ஊதுகிற கம்ப்ரஸர் எர்ணாவூர் வந்ததும் எப்படிச் செத்துப்போகும்?

தம்பி, முதலில் ஒன்று. ஏசி கேஸ் டீசல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. அது மூடிய வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது, அந்த இடத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். கசியவில்லை என்றால் குறையவே இல்லை, உனக்கு இரண்டு முறை அதிகமாக ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் கடையில் அழுத்தம் பார்க்கிற கேஜில் என்ன அளவு இருந்தது என்று சொன்னார்களா?

எண்ணூர் வண்டிக்காரன்:
சொல்லவில்லை அண்ணே. கேஜ் மாட்டினார்கள், பார்த்தார்கள், "கம்மி" என்றார்கள். வண்டி ஆஃபில்தான் இருந்தது.

கூலிங்காயில்:
இன்ஜின் ஆஃபில் இருக்கிற வண்டியில் கேஜ் பார்த்துக் கேஸ் கம்மி என்று சொல்ல முடியாது. வீட்டுச் சமையல் சிலிண்டரை நினைத்துப் பார். புது சிலிண்டரும் பாதி தீர்ந்த சிலிண்டரும் அடுப்பில் ஒரே மாதிரிதான் எரியும், தூக்கிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அதுபோல வண்டி ஏசியில் போடுகிற ஆர்-134ஏ கேஸ் உள்ளே கொஞ்சம் திரவமாக இருக்கிறவரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான், அளவு இல்லை. 25 டிகிரியில் ஏறக்குறைய 82 பிஎஸ்ஐ (கேஜ் காட்டும் அழுத்த அளவு), 30 டிகிரியில் 97, 35 டிகிரியில் 114. அரைக் கிலோ இருந்தாலும் ஒரு கிலோ இருந்தாலும் அதேதான். சுத்தமாகக் காலியா, இல்லையா என்று மட்டும் அதில் தெரியும்.

கேஜ் செட் யாரிடமாவது இரவல் கிடைக்குமா? கிடைத்தால் மூன்று அளவு எடுத்துப் போடு. விடியற்காலையில் இரவெல்லாம் நின்ற வண்டியில், இன்ஜின் போடுவதற்கு முன்னால், எத்தனை டிகிரி என்பதோடு சேர்த்து. மதியம் ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓட, ஏசி ஓடும்போது லோ சைடும் (கம்ப்ரஸருக்குள் கேஸ் வரும் பக்கம்) ஹை சைடும் (அது அழுத்தித் தள்ளும் பக்கம்). மூன்றாவது, அதே நிலையில் கண்டென்ஸர் மேல் இரண்டு வாளித் தண்ணீர் மெதுவாக ஊற்றிய பிறகு. ஃபேன் மோட்டார் மேலும் வயரிங் மேலும் ஊற்றாதே. கேஜ் மாட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள். கேஸ் தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும்.

மாத்தூர் லோடு:
இந்த இழைக்குச் சம்பந்தம் கொஞ்சம்தான். 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கிற 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில் கேபின் ஏசி கட்டாயம். நம்ம பழைய வண்டிக்கெல்லாம் கிடையாது, நாமே போட்டு நாமே அழ வேண்டியதுதான். கேஜ் செட் என்னிடம் இருக்கிறது, மாத்தூர் பக்கம் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர் வண்டிக்காரன்:
மாத்தூர் அண்ணனுக்கு நன்றி. அளவு எடுத்துவிட்டேன்.

காலை 5.30, 28 டிகிரி, வண்டி ஆஃப்: இரண்டு பக்கமும் 112.
மதியம் 37 டிகிரி, ஐடில்: லோ 58. ஹை 310-ல் ஆரம்பித்து ஏறிக்கொண்டே போய் 390 பக்கம் வந்ததும் 'டக்'. கம்ப்ரஸர் விட்டுவிட்டது.
தண்ணீர் ஊற்றியதும்: ஹை 230-க்கு இறங்கியது, லோ 38. ஒரே நிமிடத்தில் வெண்ட்டில் ஜில் காற்று. என் கிளீனர் பையன் இன்னும் நான்கு வாளி ஊற்றட்டுமா என்று கேட்டான்.

கூலிங்காயில்:
16,000 மிச்சம். கம்ப்ரஸர் வீக் என்றால் லோ பக்கம் ஏறி நிற்கும், ஹை பக்கம் ஏறாமல் படுத்துக்கிடக்கும், இரண்டு முள்ளும் பக்கத்துப் பக்கத்தில் வரும். உன்னுடையது 390 வரை தள்ளுகிறது, சும்மா இல்லை. 'டக்' என்று விடுவது கோளாறு இல்லை. அழுத்தம் எல்லை மீறினால் பிரஷர் சுவிட்ச், கம்ப்ரஸரை இன்ஜினோடு இணைக்கிற கிளட்சை வெட்டிவிடும். ஹோஸ் வெடிக்காமல் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. யாராவது அந்த சுவிட்சை நேரடியாக இணைத்துவிடலாம் என்றால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடு.

தண்ணீர் ஊற்றினால் சரியாகிறது என்றால் கண்டென்ஸர் சூட்டை வெளியே விட முடியாமல் தவிக்கிறது. ஓடும்போது எதிர்காற்று அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நிற்கும்போது ஃபேன்தான் செய்ய வேண்டும்.

காலை அளவு இன்னொன்று சொல்கிறது. 28 டிகிரிக்கு 91 பக்கம் வர வேண்டும், உனக்கு 112. கேஜ் தப்பில்லை என்றால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது, அல்லது வேறு கேஸ் கலந்திருக்கிறது. வாக்குவம் போடாமல், அதாவது உள்ளே இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுக்காமல், கேஸ் ஏற்றினால் இப்படித்தான் ஆகும். அந்தக் காற்று கண்டென்ஸரில் திரவமாகாது, இடத்தை அடைத்துக்கொண்டு ஹை சைடை இன்னும் ஏற்றும்.

இப்போது ஒரு காரியம் செய். ஏசி ஓடும்போது ஒரு தினத்தந்தித் தாளை கிரில்லுக்கு முன்னால், ஒவ்வொரு ஃபேனுக்கும் நேராகத் தனித்தனியாகப் பிடித்துப் பார்.

மாதவரம் எலக்ட்ரிகல்:
நான் கேட்க நினைத்ததையே அண்ணன் சொல்லிவிட்டார். ஃபேன் சமீபத்தில் மாற்றினீர்களா?

எண்ணூர் வண்டிக்காரன்:
இதைச் சொன்னால் திட்டுவீர்கள். வலது ஃபேனுக்கு நேராகத் தாள் கிரில்லில் ஒட்டிக்கொள்கிறது. இடது பக்கம் பிடித்தால் என் முகத்துக்குப் பறந்து வருகிறது, அதுவும் சுடச்சுட.

பிப்ரவரியில் இடது ஃபேன் மோட்டார் எரிந்தது. மணலியில் லோடு இறக்கக் காத்திருந்தபோது நானே வாங்கி மாட்டினேன். சுற்றியது, சரி என்று விட்டுவிட்டேன்.

மாதவரம் எலக்ட்ரிகல்:
திட்ட என்ன இருக்கிறது, எல்லோரும் செய்கிறதுதான். டிசி மோட்டாரில் பாசிட்டிவ் நெகட்டிவ் மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும், எரியாது, சத்தமும் பெரிதாக மாறாது. கண்ணுக்கு ஃபேன் ஓடுகிற மாதிரியே இருக்கும். வயரின் நிறத்தை நம்பாதீர்கள். பழைய வண்டியில் முன்னால் கை வைத்தவர்கள் சிவப்புக்குக் கறுப்பும் கறுப்புக்குப் பச்சையும் போட்டிருப்பார்கள். மல்டிமீட்டரில் பார்த்து இரண்டு முனையையும் மாற்றிக் குத்துங்கள். அப்புறம் தாளை வைத்துப் பாருங்கள். அப்படியே ஃபேன் ஓடும்போது கனெக்டரில் வோல்ட் எத்தனை என்றும் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது 27 பக்கம் வர வேண்டும். 22, 23 என்றால் எர்த் துருப்பிடித்திருக்கும். கடல் காற்றில் நிற்கிற வண்டி வேறு.

கூலிங்காயில்:
ஒன்று ஓடாமல் கிடந்திருந்தால்கூட இவ்வளவு மோசம் ஆகியிருக்காது. ஒன்று இழுக்கிறது, பக்கத்திலேயே இன்னொன்று சுட்ட காற்றை முன்னால் துப்புகிறது, துப்பிய சூட்டையே முதல் ஃபேன் மறுபடி இழுக்கிறது. கண்டென்ஸர் தன் மூச்சைத் தானே சுவாசித்துக்கொண்டிருந்தது. அதற்குத்தான் மார்ச்சில் கேஸ், ஏப்ரலில் கேஸ்.

ஃபேனைச் சரிசெய்த கையோடு கண்டென்ஸரைக் கழுவு. முன்னாலிருந்து அடித்தால் நிலக்கரித் தூசி உள்ளேதான் போகும். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, சாதாரணக் குழாய்த் தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு போதும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கி வேண்டாம், தகடுகள் மடங்கி வழியையே அடைத்துவிடும். ஆசிட் கிட்டேயே கொண்டுபோகாதே, ஏற்கனவே உப்புக்காற்று அலுமினியத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. கழுவும்போது மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டியிருக்கிறதா பார். கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து கசியும்.

அடுத்தது, உள்ளே இருப்பதை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். பழைய கேஸை உறிஞ்சிப் பிடிக்கிற ரெக்கவரி மெஷின் இருக்கிற கடையாகப் பார், காற்றில் திறந்துவிடுகிற கடை வேண்டாம். ஈரத்தைப் பிடிக்கிற டிரையரை மாற்றச் சொல். காற்று புகுந்தால் ஈரமும் புகுந்திருக்கும், கம்ப்ரஸர் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சுகிற ரகம். வாக்குவம் குறைந்தது அரை மணி நேரம், அப்புறம் பம்பை நிறுத்தி இருபது நிமிடம் முள் நகராமல் நிற்க வேண்டும். கேஸைத் தராசில் எடைபோட்டு ஏற்ற வேண்டும். சிலர் மலிவாக எரியும் வகை கேஸ் போடுவார்கள். ஜில்லென்றுதான் இருக்கும், ஆனால் கேஸ் ஓடுகிற கூலிங் காயில் நீ தூங்குகிற கேபினுக்குள் இருக்கிறது, கசிந்தால் அங்கேதான் வரும் என்பதை மறக்காதே.

புதுப்பேட்டை ஸ்பேர்ஸ்:
சரி, தோற்றேன். டிரையராவது என்னிடம் வாங்கு தம்பி.

எண்ணூர் வண்டிக்காரன்:
நான்கு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், டிரிப் மேல் டிரிப்.

வயரை மாற்றியதும் தாள் இரண்டு பக்கமும் ஒட்டியது. கழுவியபோது வந்த தண்ணீர் டிகாஷன் மாதிரி இருந்தது. கண்டென்ஸரின் கீழ் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது, ஓ-ரிங் காய்ந்து வெடித்திருந்தது. ஆக கசிவும் கொஞ்சம் உண்மைதான், ஆனால் யாரும் அதைப் பார்க்கவில்லை. மாதவரத்தில் தராசும் ரெக்கவரி மெஷினும் வைத்திருக்கிற கடையில் கொடுத்தேன். கூலிங் காயில் பெட்டியின் ஸ்டிக்கரில் 850 கிராம் என்று இருந்தது. உள்ளேயிருந்து எடுத்தது 1,140. ஓ-ரிங், டிரையர் (புதுப்பேட்டை அண்ணனிடம்தான் வாங்கினேன்), வாக்குவம், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 5,300.

நேற்று துறைமுக ஜீரோ கேட் வரிசையில் இரண்டு மணி நேரம், மதியம். ஐடிலில் லோ 36, ஹை 240. ஒரு முறைகூட 'டக்' இல்லை.

கூலிங்காயில்:
நல்லது. பத்து நாள் கழித்து விடியற்காலையில் ஒருமுறை கேஜ் பார், 28 டிகிரிக்கு 91 நின்றால் காற்று இல்லை. கசிவு நின்றதா என்பதை அது சொல்லாது. அதற்கு அந்த மூட்டில் சோப்பு நுரை தடவிப் பார். மாத்தூர்காரர் கேஜைத் திருப்பிக் கேட்பதற்குள் பார்த்துவிடு.