வீட்டுக்கடனை முதலில் அடைப்பதா, ஓய்வுக்காலத்துக்கு முதலில் சேர்ப்பதா?

நிழல்மரம்:
எனக்கு வயது 38. 9 சதவீத வட்டியில் வாங்கிய 20 ஆண்டு வீட்டுக்கடனில் 5 ஆண்டுகள் முடிந்துள்ளன. நேற்றிரவு கடன் கணக்கின் அறிக்கையை வரி வரியாகப் படித்தபின் எனக்குத் தூக்கம் வரவில்லை. வாங்கிய தொகையை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், 60 தவணைகளில் 54 பங்கைக் கட்டியிருக்கிறோம். ஆனாலும் அசலில் 88 பங்குக்கு மேல் அப்படியே நிற்கிறது. முதல் தவணையில் ஆறில் ஐந்து பாகம் வட்டிக்கே போயிருக்கிறது. ஆகவே அடுத்த 7 ஆண்டுகளுக்கு ஓய்வுக்காலச் சேமிப்பை முற்றிலும் நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தையும் கடனில் கட்டி, 45 வயதில் கடனற்றவளாகி, அதன்பிறகு சேமிக்கத் தொடங்குவதே சரி என்பது என் வாதம். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

கூட்டுவட்டி:
காரணத்தோடு மறுக்கிறேன். ஒருவர் 30 வயது முதல் 10 ஆண்டுகள் மட்டும் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு பங்கு சேர்த்துவிட்டு, பிறகு ஒன்றும் போடாமல் விடுகிறார். இன்னொருவர் 40 வயதில் தொடங்கி 20 ஆண்டுகள் அதே அளவு சேர்க்கிறார். இருவருக்கும் ஆண்டுக்கு 8 சதவீத வளர்ச்சி என்றால், 60 வயதில் முதலாமவரிடம் ஏறக்குறைய 73 பங்கும் இரண்டாமவரிடம் 49 பங்கும் இருக்கும். இருமடங்கு பணம் போட்டவர் பின்தங்கிவிடுகிறார். நீங்கள் விட்டுக்கொடுக்க நினைக்கும் 7 ஆண்டுகள் உங்கள் சேமிப்புக் காலத்திலேயே அதிகம் வளரக்கூடியவை. 45 வயதுக்குப் பிறகு எவ்வளவு வேகமாகச் சேர்த்தாலும் அவற்றைத் திரும்பப் பெற முடியாது.

நிழல்மரம்:
உங்கள் கணக்கில் பிழையில்லை. அதன் அடிப்படையில்தான் எனக்கு ஐயம். 8 சதவீதம் கிடைக்கும் என்று யார் உறுதி தருகிறார்கள்? கடனில் ஒரு பங்கை முன்கூட்டிக் கட்டினால் 9 சதவீத வட்டி மிச்சமாவது உறுதி. அதே அளவு வருவாயை எந்த இடருமின்றித் தரும் சேமிப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை.

கூட்டுவட்டி:
இந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. பாதுகாப்பான சேமிப்பின் வட்டியைவிடக் கடன் வட்டி கூடுதல் என்றால், முன்கூட்டிக் கட்டுவது எண்ணளவில் இலாபம்தான். ஆனால் உங்கள் ஓய்வூதியக் கணக்கில் நீங்கள் செலுத்துவதற்கு ஈடாக வேலை கொடுத்தவரும் செலுத்துகிறாரா? ஆம் என்றால், நிறுத்திய அன்றே அந்தப் பங்கை இழக்கிறீர்கள். எந்தக் கடன் வட்டியும் அந்த இழப்புக்கு ஈடாகாது. விலைவாசியையும் பாருங்கள். அது ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இருமடங்காகும் காலத்தை அறிய 72ஐ ஏறும் விகிதத்தால் வகுக்கும் எளிய வழிப்படி 72ஐ 6ஆல் வகுத்துப் பார்க்கையில், 12 ஆண்டுகளில் குடும்பச் செலவு இருமடங்காகிறது. 24 ஆண்டுகளில், அதாவது உங்கள் 62ஆம் வயதில், நான்கு மடங்கு. தவணையோ, வட்டி விகிதம் மாறாதவரை, ஏறுவதில்லை.

பழைய பேரேடு:
நான் ஓய்வுபெற்று 7 ஆண்டுகளாகின்றன. நிழல்மரத்தின் வழியில்தான் நாங்களும் போனோம். மிச்சமான ஒவ்வொரு தொகையையும் கடனில் கட்டி, நிலுவையைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி, மாதந்தோறும் அழித்து எழுதுவார் என் கணவர். பிறகு அவர் நோயில் விழுந்து 9 மாதங்கள் வருமானமின்றி இருந்தார். அத்தனை தொகையை முன்கூட்டிக் கட்டியிருந்தும், அடுத்த மாதத் தவணையை அதே தேதியில் கட்டவேண்டும் என்றே கடன் கொடுத்த நிறுவனம் சொன்னது. எங்கள் பணமெல்லாம் சுவர்களுக்குள் இருந்தது, கையில் ஒன்றுமில்லை. தவணை கட்ட உறவினரிடம் கைமாற்று வாங்கிய அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

ஆயினும் கடனோடு ஓய்வு பெறுவதை நான் ஏற்கமாட்டேன். வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டின் கடந்தகாலச் சந்தை விவரங்களை வைத்துப் பார்த்தால், முதல் ஆண்டில் சேமிப்பின் 4 சதவீதத்தை எடுத்து, பின்னர் விலைவாசிக்கேற்ப அதை உயர்த்திக்கொண்டே போனாலும், பணம் 30 ஆண்டுகள் தாங்கியது. எல்லா நாட்டுக்கும் அது பொருந்தாது. ஆனால் ஓய்வின் முதல் சில ஆண்டுகளில் சந்தை சரியும்போது அதிகப் பணம் எடுக்க நேர்ந்தால் சேமிப்பு மீளாது என்ற பாடம் எங்கும் பொருந்தும். 50 சதவீதம் விழுந்த தொகை பழைய நிலைக்கு வர 100 சதவீதம் ஏறவேண்டும். அந்த நேரத்தில் தவணையும் கட்டவேண்டியிருந்தால் என்னாகும்? ஓய்வுக்கு முன் கடன் முடியவேண்டும் என்பதே முக்கியம். 45 வயதிலேயே முடியவேண்டும் என்பதில்லை.

நிழல்மரம்:
அம்மா, உங்கள் அனுபவத்தைப் படித்தபின் அறிக்கையை மறுபடி எடுத்தேன். நான் ஒன்றும் செய்யாவிட்டாலும் 53 வயதில் கடன் முடிகிறது. உறுதியான 9 சதவீதம் பற்றிய என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் வேலை கொடுத்தவரின் பங்கு கிடைக்கும் அளவுக்கான சேமிப்பை நிறுத்தமாட்டேன். ஆறு மாதச் செலவைத் தனியாக எடுத்துவைத்த பிறகே கடனில் கூடுதலாகக் கட்டுவேன்.

கூட்டுவட்டி:
இதை ஏற்கிறேன். கூடுதல் தொகை கட்டும்போது, தவணையைக் குறைக்காமல் கடன் காலத்தைக் குறைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். வட்டி அதிகம் மிச்சமாவது அதில்தான்.